பேட்டரி போய்விட்டதா? ஓர் இரவு பொறுத்துப் பாருங்கள்!

பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பும் நம்மவர்களுக்கு முதல் வேலை, வீட்டுக் கதவைத் திறந்து பெருக்குவது. இரண்டாவது வேலை, பத்து நாளாகத் தூசி படிந்து வாசலில் நிற்கும் வண்டியைக் கிளப்பிப் பார்ப்பது. முதல் வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். இரண்டாவதுதான் சில வீடுகளில் ஒரு வாரம் இழுக்கும்.

சாந்திபுரம், சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில், குப்பத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் தமிழ்நாடு, இன்னொரு பக்கம் கர்நாடகம். தெலுங்கும் தமிழும் கன்னடமும் ஒரே டீக்கடை பெஞ்சில் உட்காரும் ஊர்ப்பகுதி. "குப்பம் பச்சை" என்று பெயர் வாங்கிய கிரானைட் கல் கிடைக்கும் சீமையும் இதுதான். கல் குவாரிகளிலும், பட்டறைகளிலும், அவற்றின் கணக்கு அறைகளிலும் வேலை பார்க்கும் தமிழர்கள் இந்தப் பக்கம் உண்டு.

அப்படிப்பட்ட குமாஸ்தா ஒருவரை எடுத்துக்கொள்வோம். பெயர் எதற்கு? பழைய கார் வைத்திருக்கும் எவரும் அவரில் தம்மையே பார்த்துக்கொள்ளலாம்.

அவரிடம் இருப்பது ஒரு மாருதி 800. அந்தக் கார் 1983 டிசம்பரில் இந்தியச் சாலைக்கு வந்தது. 2014-ல் அதன் உற்பத்தி நின்றது. அவருடையது 1990-களின் கடைசியில் வந்த வண்டி. மூன்றாவது கையாக அவரிடம் வந்தது. பெட்ரோல் செலவை எண்ணி, பொங்கலுக்குச் சேலம் பக்கத்துச் சொந்த ஊருக்கு ரயிலிலேயே குடும்பத்தோடு போய் வந்தார். திரும்பி வந்த மறுநாள் விடியற்காலை, உடன் இருக்கும் வயதான தகப்பனாரை வேலூருக்கு அழைத்துப் போய் டாக்டரிடம் காட்ட வேண்டும். எட்டு மணிக்குள் டோக்கன் வாங்க வேண்டும். அதற்கு நாலரை மணிக்குப் புறப்பட்டாக வேண்டும்.

பனி இறங்கும் தை மாதத்து விடியல். பெரியவரைச் சால்வை போர்த்தி முன் சீட்டில் உட்கார வைத்தாயிற்று. சாவியைத் திருப்பினார்.

"டிக்."

மறுபடியும் திருப்பினார். மறுபடியும் அதே "டிக்." அதற்கு மேல் ஒன்றுமில்லை. செல்ப் எடுக்கவில்லை.

ஹாரன் சொல்லும் சாட்சி

இந்த இடத்தில் பெரும்பாலோர் செய்வதையே அவரும் செய்தார். ஹாரனை அழுத்தினார். தெருவே எழுந்துகொள்ளும்படி ஹாரன் அலறியது. "பேட்டரி நன்றாகத்தானே இருக்கிறது, செல்ப் மோட்டார்தான் போய்விட்டது போல" என்று முதலில் நினைத்தார். பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து வந்து பார்த்துவிட்டு, "இல்லை சார், பேட்டரி செத்துப்போச்சு" என்றார். இரண்டுமே அவசர முடிவுகள். இரண்டுமே தவறாக இருக்கலாம்.

ஹாரன் அடிக்கச் சில ஆம்பியர் மின்சாரம் போதும். உள்ளே எரியும் சிறு விளக்குக்கு அரை ஆம்பியர்கூட வேண்டாம். ஆனால் எஞ்சினைச் சுழற்றும் செல்ப் மோட்டாருக்குச் சிறிய பெட்ரோல் காரிலேயே நூறு ஆம்பியருக்கு மேல் வேண்டும். டீசல் வண்டியானால் அதைவிடப் பல மடங்கு. சில்லறைக் கடன் கொடுக்கிறவர் எல்லாம் கல்யாணச் செலவுக்குக் கொடுத்துவிட முடியாது அல்லவா? அதுபோலத்தான். ஹாரன் அடிப்பதால் பேட்டரி நல்லது என்று ஆகாது. செல்ப் எடுக்காததால் பேட்டரி செத்தது என்றும் ஆகாது.

முன் விளக்குதான் ஹாரனைவிட நம்பத்தக்க சாட்சி. ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்பிப் பார்க்க வேண்டும். விளக்கு பட்டென்று மங்கினால் பேட்டரியில் சரக்குக் குறைவு. அல்லது டெர்மினலில் பிடிப்பு இல்லை. விளக்கு கொஞ்சமும் மங்காமல் "டிக்" மட்டும் கேட்டால் கோளாறு செல்ப் மோட்டாரிலோ அதன் சுவிட்சிலோ இருக்கலாம். விளக்கு எரியவே இல்லை என்றால் பேட்டரி முழுக்க இறங்கியிருக்க வேண்டும். அல்லது வயர் கழன்றிருக்க வேண்டும். இதற்குக் கருவி ஒன்றும் வேண்டாம். சுவரில் விழும் வெளிச்சத்தைப் பார்த்தால் போதும்.

குமாஸ்தா அன்று அதைச் செய்யவில்லை. நாலு பேர் சேர்ந்து தள்ளி ஸ்டார்ட் செய்து கொடுத்தார்கள். அதற்குள் முக்கால் மணி நேரம் ஓடிவிட்டது. மலைச் சரிவு இறங்கி வேலூர் போய்ச் சேர்ந்தபோது அன்றைய டோக்கன் முடிந்திருந்தது. ஒரு நாள் சம்பளம் போனது, பெட்ரோல் போனது, பெரியவர் இன்னும் ஒரு வாரம் காத்திருக்க வேண்டியதாயிற்று. திரும்பும்போது வண்டி எங்கே மறுபடி நின்றுவிடுமோ என்று, இறக்கமான இடமாகத் தேடி நிறுத்தினார். பழைய கார்க்காரர்களுக்கு இந்தப் பழக்கம் தெரியாததல்ல.

வினோதம் என்னவென்றால், வேலூரில் செல்ப் சட்டென்று எடுத்தது. மறுநாளும் எடுத்தது. மூன்று நாள் நிறுத்திவிட்டு நாலாம் நாள் சாவியைத் திருப்பினால் மறுபடியும் "டிக்".

கடைக்குப் போனார். "புதுசு போட்டுடுங்க சார், பழையதைக் கொடுத்தா விலையிலே கழிச்சுக்கலாம்" என்றார் கடைக்காரர். விலை சில ஆயிரம் ரூபாய். வேலூர் மருந்துச் செலவுக்கு எடுத்து வைத்திருந்த பணம் அது.

வரவு, செலவு, இருப்பு

பணத்தை எண்ணிக் கொடுக்குமுன், தமக்குத் தெரிந்த முதிய ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் அவர் போய்க் கேட்டார் என்று வைத்துக்கொள்வோம். இப்படி ஒருவர் அநேகமாக எல்லா ஊரிலும் இருக்கிறார்.

"அண்ணே, புது பேட்டரி போடச் சொல்றாங்க."

"போடலாம் தம்பி. நீங்க கணக்கு எழுதற ஆளு. கல்லாப் பெட்டியிலே பணம் இல்லேன்னா, முதல்லே பெட்டியையா மாத்துவீங்க? வரவு வருதா, எங்கயாவது ஒழுகுதான்னு பாக்கமாட்டீங்களா?"

பேட்டரி கோளாறு முழுவதும் இந்த ஒரு கேள்வியில் அடங்கியிருக்கிறது. பேட்டரி என்பது பெட்டி. டைனமோ அல்லது ஆல்டர்னேட்டர் கொண்டுவந்து போடுவது வரவு. செல்ப்பும் விளக்கும் எடுப்பது செலவு. வண்டி சும்மா நிற்கும்போதும் யாருக்கும் தெரியாமல் போவது கசிவு. இவற்றில் எது கெட்டாலும் காலையில் கேட்பது அதே "டிக்" ஒலிதான். வரவு கெட்ட வண்டியில் புதுப் பெட்டியை வைத்தால் அதுவும் சில நாளில் காலியாகும். செலவழித்த பணமும் போய், பழைய நோயும் அப்படியே இருக்கும்.

கண்ணால் பார்க்க வேண்டியவை

எலக்ட்ரீஷியன் முதலில் மீட்டரை எடுக்கவில்லை. பானட்டைத் தூக்கிப் பார்த்தார். டெர்மினல்களின் மேல் வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்திருந்தது. கிளாம்பைக் கையால் அசைத்தபோது லேசாக ஆடியது. ஆசிட் ஆவி பட்டு உண்டாகும் இந்தப் பூப்பு, மின்சாரம் போகும் வழியை அடைக்கும். ஹாரனுக்குப் போகும் சில ஆம்பியர் அதைத் தாண்டிப் போய்விடும். செல்ப்புக்குப் போக வேண்டிய நூறு ஆம்பியர் அங்கேயே முட்டி நிற்கும்.

இதைக் கழற்றுவதற்கு ஒரு முறை உண்டு. முதலில் நெகடிவ் வயரைக் கழற்ற வேண்டும். மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்ட வேண்டும். மாற்றிச் செய்தால், பாசிடிவ் முனையில் இருக்கும் ஸ்பேனர் வண்டியின் பாடியில் பட்டவுடன் நெருப்புப் பறக்கும். வெந்நீரில் சமையல் சோடாவைக் கரைத்து ஊற்றினால் பூப்பு நுரைத்துக் கரையும். அந்தத் தண்ணீர் செல்களின் மூடி வழியாக உள்ளே போய்விடக்கூடாது. பிறகு நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, துடைத்து, உப்புத்தாளால் பளபளப்பாகத் தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் தடவிவிட்டால் போதும். டெர்மினலைச் சுத்தியால் அடித்து இறக்குவது கூடவே கூடாது. உள்ளே இருக்கும் இணைப்பு முறிந்துவிடும்.

எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டையையும் பார்க்க வேண்டும். பழைய வண்டிகளில் அது துருப்பிடித்து, பாதி இழை அறுந்து தொங்கும். பேட்டரியைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம். குற்றவாளி அங்கே இருப்பான்.

அடுத்தது தண்ணீர். மூடி திறக்கக்கூடிய பேட்டரியில் ஆறு செல்கள் இருக்கும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2 வோல்ட். ஆறும் சேர்ந்து 12 வோல்ட். தகடுகளுக்கு மேல் ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாமல் திரவம் நிற்க வேண்டும். குறைந்திருந்தால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டுமே ஊற்றலாம். இந்தப் பக்கத்துப் பாறை நிலத்து ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு அதிகம். அது தகடுகளைக் கெடுக்கும். "கொஞ்சம் ஆசிட் ஊத்தினா பவர் வரும்" என்று சிலர் சொல்வது தவறு. வற்றுவது தண்ணீர்தான், ஆசிட் அல்ல. ஒரே செல்லில் மட்டும் அடிக்கடி தண்ணீர் குறைந்தால் அந்த செல் மேல் சந்தேகம் வைக்க வேண்டும். ஆறிலும் சீக்கிரம் வற்றினால் வண்டி அளவுக்கு மீறிச் சார்ஜ் செய்கிறது என்று பொருள்.

ஓர் இரவு பொறுத்தல்

பிறகு அவர் மீட்டரை வைத்தார். 12.0 வோல்ட் காட்டியது. கேட்பவருக்கு, "12 வோல்ட் பேட்டரிதானே, 12 இருக்கிறதே" என்று தோன்றும். அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். முழுச் சார்ஜ் உள்ள பேட்டரி, ஓய்வில் இருக்கும்போது 12.6 அல்லது அதற்குச் சற்று மேல் காட்ட வேண்டும். 12.4 என்றால் ஏறத்தாழ முக்கால் பங்கு. 12.2 என்றால் பாதி. 12.0 என்றால் கால் பங்குதான் மிச்சம். 11.8-க்கு வந்தால் காலி. முழுமைக்கும் காலிக்கும் இடையே ஒரு வோல்ட்கூட வித்தியாசம் இல்லை. எனவே குத்துமதிப்பு உதவாது. புள்ளிக்குப் பின் வரும் எண்ணையும் காட்டும் மீட்டர் வேண்டும். சில நூறு ரூபாய்க்கு அது கிடைக்கிறது.

இன்னொரு எச்சரிக்கை. வண்டி ஓடி நின்றவுடன் அளந்தால் எண் கூடுதலாகவே காட்டும். அது மேலோட்டமான சார்ஜ். இரவு முழுவதும் நிறுத்தி, காலையில் சாவியைத் தொடுமுன் அளப்பதே சரி.

காலியாகிக் கிடக்கும் பேட்டரியைப் பார்த்து, "இது நல்லதா கெட்டதா" என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. பட்டினி கிடந்தவரை ஓடச் சொல்லிப் பார்த்து, பலமில்லாதவர் என்று எழுதிவிடலாமா? முதலில் சாப்பாடு போட வேண்டும். அதாவது வெளியே எடுத்து மெதுவாகச் சார்ஜ் ஏற்ற வேண்டும். 35 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 3.5 ஆம்பியர். அந்த அளவில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். ஒரே மணியில் ஏற்றித் தருகிற அவசரச் சார்ஜ், வயதான பேட்டரியைச் சூடாக்கிக் கெடுத்துவிடும். சார்ஜ் ஏற்றிய பின் சில மணி நேரம் சும்மா வைத்துவிட்டுத்தான் அளக்க வேண்டும்.

குமாஸ்தா ஓர் இரவு பொறுத்தார். மறுநாள் மாலை அளந்தபோது 12.6 நின்றது.

ஆறு செல்லும் ஒன்று போலா?

அடுத்து ஹைட்ரோமீட்டர். கண்ணாடிக் குழாயில் ரப்பர் குமிழ் வைத்த கருவி. ஒவ்வொரு செல்லிலிருந்தும் திரவத்தை உறிஞ்சினால், உள்ளே மிதக்கும் தக்கை அதன் அடர்த்தியைக் காட்டும். நம் நாட்டு வெப்பத்துக்கு ஏற்பத் தயாரித்த பேட்டரி, நல்ல சார்ஜில் 1.240-க்கு மேல் காட்டும். 1.200-க்குக் கீழே என்றால் சரக்குக் குறைவு. 1.150 என்றால் இறங்கிவிட்டது.

எண்ணைவிட முக்கியம், ஆறு எண்களும் ஒன்றுபோல இருக்கின்றனவா என்பது. ஐந்து செல்கள் 1.250 காட்டி, ஒன்று மட்டும் 1.180-ல் நின்றால், அந்த செல் அடிபட்டுவிட்டது. முழுச் சார்ஜுக்குப் பிறகும் செல்லுக்குச் செல் 0.050-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் பேட்டரியின் ஆயுள் முடிகிறது என்று கொள்ளலாம். அப்போது கடைக்காரர் சொன்னதே சரி. புதிதுதான் வாங்க வேண்டும்.

நம்மவரின் பேட்டரியில் ஆறும் ஏறத்தாழ ஒன்றுபோலவே நின்றன.

மூடி திறக்க முடியாத, தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத பேட்டரிகளில் இந்தச் சோதனை செய்ய முடியாது. அவற்றின் மேல் இருக்கும் பச்சைக் கண் ஒரே ஒரு செல்லின் நிலையைத்தான் காட்டும். மற்ற ஐந்தும் எப்படி இருக்கின்றன என்று அதற்குத் தெரியாது. அங்கே மீட்டரும் லோட் டெஸ்டும்தான் வழி.

வேலை வாங்கிப் பார்த்தல்

பேட்டரியை வண்டியில் மாட்டி, மீட்டரைப் பேட்டரி முனைகளில் வைத்துக்கொண்டு, இன்னொருவரைச் சாவி திருப்பச் சொன்னார் எலக்ட்ரீஷியன். செல்ப் சுழலும் இரண்டு மூன்று வினாடிகளில் வோல்ட் இறங்கும். அது இயல்பு. ஆனால் 9.6-க்குக் கீழே போகக்கூடாது. ஓய்வில் 12.6 காட்டிவிட்டு, செல்ப் சுழலும்போது 8-க்கும் 7-க்கும் சரிகிற பேட்டரி, வெளியே கோட்டு போட்டுக்கொண்டு உள்ளே சட்டைப்பையில் காசில்லாதவரைப் போன்றது.

இங்கே 10.4 நின்றது. பெட்டி நல்ல பெட்டி.

எஞ்சின் ஓடும்போது வரவைப் பார்த்தார். சற்று ஆக்சிலரேட்டர் கொடுத்த நிலையில் 13.8-லிருந்து 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். 13-ஐத் தாண்டாவிட்டால் வரவு இல்லை. பேன் பெல்ட் தளர்ந்திருக்கலாம். நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத்தான் இறங்க வேண்டும். கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கோளாறு, பேட்டரி வெந்துபோகும். டேஷ்போர்டில் இருக்கும் சிவப்பு விளக்கும் ஒரு சாட்சி. சாவி போட்டதும் எரிய வேண்டும். வண்டி ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். ஓடும்போது மங்கலாக எரிந்துகொண்டே இருந்தால் அலட்சியம் செய்யக்கூடாது.

பழைய அம்பாசிடர், பத்மினி கார்களில் டைனமோ வைத்தவை உண்டு. டைனமோ, எஞ்சின் மெதுவாக ஓடும்போது சார்ஜ் தராது. இரவில் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊருக்குள் ஊர்ந்து போனால், ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி இறங்கும். அந்த வண்டிகளில் இது குற்றமல்ல, குணம். ஆல்டர்னேட்டர் வைத்த வண்டியில் எஞ்சின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றிச் சோதிப்பது பெரிய தவறு. வோல்ட் திடீரென்று எகிறி உள்ளே இருக்கும் டயோடுகள் எரிந்துவிடும்.

இங்கே 14.1 காட்டியது. வரவும் சரி.

ஒழுகிய இடம்

பெட்டி சரி, வரவு சரி. அப்படியானால் பணம் எங்கே போகிறது?

நீண்ட தூரம் ஓடியபின் செல்ப் எடுக்கிறது. சில நாள் சும்மா நின்றபின் எடுப்பதில்லை. இந்த ஒரு தகவலே கசிவைச் சுட்டிக் காட்டியிருக்க வேண்டும். கதவுகளைச் சாத்தி, சாவியை எடுத்துவிட்டு, நெகடிவ் வயரைக் கழற்றி, அந்த இடைவெளியில் ஆம்பியர் மீட்டரை வைத்தார். (மீட்டர் இப்படி இருக்கும்போது சாவியைத் திருப்பிவிடக்கூடாது, மீட்டர் போய்விடும்.) எல்லாம் அணைந்திருந்தும் 0.1 ஆம்பியர் போய்க்கொண்டிருந்தது.

0.1 ஆம்பியர் சிறிய எண்தான். ஒரு நாளைக்கு 24 மணி நேரம்; 2.4 ஆம்பியர்-மணி. பொங்கலுக்குப் போன பத்து நாளில் 24. பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே 35. கணக்கு எழுதுகிறவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

பியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தும் எண் குறையவில்லை. கடைசியில், முந்தைய சொந்தக்காரர் மாட்டிய பாட்டுப் பெட்டியின் ஒலிபெருக்கிக்கு, பியூஸ் பெட்டியைத் தொடாமல் பேட்டரியிலிருந்து நேரே இழுத்திருந்த வயர் அகப்பட்டது. பாட்டு நின்றாலும் அது விழித்துக்கொண்டே இருந்தது. அந்த வயரைக் கழற்றியதும் மீட்டர் ஏறத்தாழ பூஜ்யத்துக்கு வந்தது. டிக்கி விளக்கு அணையாமல் எரிவது, ஆல்டர்னேட்டர் டயோடு கெட்டுத் திருப்பி உறிஞ்சுவது ஆகியவையும் இதே நோயைத் தருபவை. 5 வாட் விளக்கு ஒன்று அணையாமல் எரிந்தால் அது 0.4 ஆம்பியர், 35 ஆம்பியர்-மணி பேட்டரியை மூன்றரை நாளில் காலி செய்துவிடும்.

மீட்டர் இல்லாதவர்கள் நெகடிவ் வயருக்கும் முனைக்கும் நடுவே 12 வோல்ட் பல்பு ஒன்றை வைத்துப் பார்க்கலாம். பல்பு எரிந்தால் ஒழுக்கு உண்டு. நீண்ட விடுமுறைக்குப் போகிறவர்களுக்கு எளிய வழி ஒன்றும் உண்டு. புறப்படும் முன் நெகடிவ் வயரைக் கழற்றி வைத்துவிட்டுப் போனால் போதும்.

வெயில் கெடுக்கும், பனி காட்டிக்கொடுக்கும்

பேட்டரி குளிரில் சாகிறது என்று எண்ணுவது வழக்கம். காரியம் வேறு. திருப்பதி, சித்தூர் வெயில்தான் அதன் ஆயுளைத் தின்கிறது. வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினால் உள்ளே நடக்கும் இரசாயன வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும், தேய்மானமும் கூடும், தண்ணீரும் வற்றும். மார்கழி, தைக் குளிரில் எஞ்சின் ஆயில் கெட்டியாகிச் செல்ப்புக்குக் கூடுதல் பலம் கேட்கிறது. பேட்டரியோ அந்தக் குளிரில் குறைத்துத்தான் கொடுக்கும். சித்திரையில் அடிபட்டது தையில் வெளியே தெரிகிறது. ஆகவே கோடையில் மாதம் இருமுறை தண்ணீர் பார்ப்பவருக்குத் தையில் தள்ளும் வேலை இருக்காது.

இந்த மாவட்டத்தாருக்குப் பேட்டரி தூரத்துப் பொருள் அல்ல. சித்தூர் மாவட்டத்துப் பேட்டமிட்டா கிராமத்தில் பிறந்து, அமெரிக்காவில் பொறியாளராக வேலை பார்த்துத் திரும்பிய கல்லா ராமச்சந்திர நாயுடு 1985-ல் நிறுவியதே அமர ராஜா நிறுவனம். திருப்பதியை அடுத்த கரகம்பாடியில் அதன் ஆலை உருவாயிற்று. 2000-ல் வந்த "அமரான்" கார் பேட்டரி அந்த நிறுவனத்தாருடையதே. எல்லைக்கு அந்தப் பக்கம் ஓசூரில் எக்சைடு ஆலை இருக்கிறது. இரண்டுக்கும் நடுவேதான் சாந்திபுரம். 1859-ல் பிரான்சு நாட்டு காஸ்டன் பிளாந்தே கண்டுபிடித்த ஈய-ஆசிட் பேட்டரியின் பேரப்பிள்ளைகளே இன்றும் நம் வண்டிகளில் உட்கார்ந்திருக்கின்றன. 1912-ல் அமெரிக்காவின் காடிலாக் காரில், சார்லஸ் கெட்டரிங் அமைத்த மின்சார செல்ப் வந்தது. அதுவரை கைப்பிடியைச் செருகிச் சுழற்றித்தான் காரைக் கிளப்ப வேண்டும். கைப்பிடி திருப்பி அடித்து மணிக்கட்டு முறிந்தவர்கள் பலர்.

உயிர் முக்கியம்

சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவருகிறது. அது எளிதில் வெடிக்கும். பீடி, தீக்குச்சி, தீப்பொறி எதுவும் அருகில் கூடாது. இருட்டில் தண்ணீர் மட்டம் பார்க்கத் தீக்குச்சி கிழித்துக் குனிவது முகத்தைப் பணயம் வைப்பதாகும். ஸ்பேனரால் இரு முனைகளையும் உரசி "பொறி வருதா" என்று பார்ப்பதும் அப்படித்தான்.

வேறு வண்டியிலிருந்து கேபிள் மாட்டி எடுப்பதானால், பாசிடிவைப் பாசிடிவோடு சேர்த்து, நெகடிவின் கடைசி முனையைக் காலியான பேட்டரியில் மாட்டாமல், சற்றுத் தள்ளி எஞ்சினின் வெற்று இரும்பில் மாட்ட வேண்டும். பொறி பறந்தாலும் அது பேட்டரிக்கு அருகே பறக்காது. 24 வோல்ட் லாரியிலிருந்து 12 வோல்ட் காருக்கு எடுக்கக்கூடாது. ஆசிட் கண்ணிலோ தோலிலோ பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். கண் என்றால் பிறகு டாக்டரிடம் போக வேண்டும்.

உண்மையிலேயே ஆயுள் முடிந்த பேட்டரியை விற்பனையாளரிடமே திருப்பித் தர வேண்டும். 2001-லேயே இதற்கு விதிகள் வந்தன; அவற்றுக்குப் பதிலாக 2022-ல் புதிய விதிகள் வந்துள்ளன. அதன் எடையில் பாதிக்கு மேல் ஈயம். வீட்டுக் கொல்லையில் உடைத்து உருக்கினால் அந்தப் புகையும் தூசியும் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். சில நூறு ரூபாய்க்காக அந்த வேலையில் இறங்கக்கூடாது.

லாரி, டிராக்டர், சரக்கு ஆட்டோ ஓட்டுகிற தொழிலாளர்களுக்கும் இந்த முறை பொருந்தும். முதலாளியிடம் "பேட்டரி போச்சு" என்று சொல்லுமுன் டெர்மினலையும் பெல்ட்டையும் பார்த்துவிட்டுச் சொல்கிற டிரைவரின் பேச்சுக்கு மதிப்பு அதிகம்.

குமாஸ்தாவுக்கு ஆன செலவு, சார்ஜ் ஏற்றிய கூலியும் எலக்ட்ரீஷியனின் கூலியும்தான். மருந்துக்கு வைத்திருந்த பணம் அப்படியே இருந்தது. பேட்டரிக்கு வயது நாலு. இன்னும் ஒரு கோடை தாங்கும், தாங்காமலும் போகும். அடுத்த தைக்கு முன் மறுபடி அளந்து பார்க்கும்படி எலக்ட்ரீஷியன் சொல்லி அனுப்பினார்.

அடுத்த வாரம் விடியற்காலை நாலரை மணிக்குப் பெரியவர் மறுபடி சால்வையோடு முன் சீட்டில் உட்கார்ந்தார். சாவி திரும்பியது. எஞ்சின் பிடித்துக்கொண்டது. பக்கத்து வீட்டுக்காரர் எழுந்துகொள்ளவில்லை.